தனிநிலை

தூன் நகரில், ஆறு ஏரியை விட்டு வெளியேறும் இடத்துக்கு
நாலு பேருந்து நிறுத்தம் தள்ளி
சுர்புகன் அம்மாளின் கிடங்கு.
திங்கட்கிழமை லாரி வரும்.
பட்டாளத்துச் சரக்கு, எடை போட்டு எடுத்தது.
பெட்டிக்குள் தேன் நிறத்தில் உறைந்த கிரீஸ்.
அதற்குள் எங்கோ துப்பாக்கிகள், துண்டு துண்டாய்.

மண்ணெண்ணெய் வாளி, மயிர் தேய்ந்த பல்துலக்கி, நான்.
மணிக்கு இருபத்தொரு பிராங்க்.

பொருத்தம் பார்ப்பது என் வேலை.
குழலில் உள்ள கடைசி மூன்று எண்,
தாழில் உள்ள கடைசி மூன்று எண்.
ஒத்துவந்தால் முந்நூற்றெண்பது.
ஒத்துவராததை அம்மாள் விதவை என்பாள்,
இருநூறுக்குக் கீழே தள்ளிவிடுவாள்.
எங்கள் தரகர்கள் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள்.
இங்கே ஒன்று போதும்.

பிறகு அந்த எழுத்து.
சேவை முடிந்தவனிடம் துப்பாக்கியை விட்டுவிடும்போது
பட்டாளம் இரும்பில் ஒரு ‘பி’ குத்தும்.
தனியாருடையது என்று அர்த்தம்.
சுத்தியல் ஒரு அடி, அவ்வளவுதான்.
முந்திய நொடி வரை அரசாங்கம்,
அடுத்த நொடி யாரோ ஒருவன் அலமாரி.

எங்களிடமும் ஒரு எழுத்து உண்டு, மூன்று புள்ளி.
உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது.
ஆய்தம் என்பார்கள், தனிநிலை என்றும் பெயர்.
ரேட்டோவிடம் சொன்னேன்.
ரொட்டியை மென்றபடியே கேட்டான்:
‘அதைக் குத்தினால் விலை ஏறுமா?’

முழுத் துப்பாக்கிக்குத் தாள் வேண்டும், கையொப்பம் வேண்டும்.
தோள்வாருக்கும் மரக்கட்டைக்கும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.
சனிக்கிழமைச் சந்தையில் மேசை விரிப்போம்,
பச்சைக் கம்பளியின்மேல்
திருகாணிகளை நான் அளவு வாரியாக அடுக்குவேன்.
குனிந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்.
ஞாயிறு இலக்குச் சுட்டுவிட்டு சூப் குடிக்கிறவர்கள்.
நல்லவர்களா என்று கேட்கும் கட்டம்
எங்கள் ரசீதில் இல்லை.

ஒரு முறை ரேட்டோ விளையாட்டுக்கு
என் பக்கம் ஒரு படிவத்தை நீட்டினான்.
‘நாடு’ என்ற இடத்தில் சிரித்துக்கொண்டே நிறுத்தினான்.
அந்த வருடம் என் நாட்டின் பெயர் பட்டியலில் இருந்தது.
கழுவலாம், எண்ணலாம், எண்ணெய் பூசலாம்.
வாங்கக் கூடாது.
வாங்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.
தாழ் உள்ளே போய்ப் பூட்டும் அந்த ஓசையை
இந்த ஊருக்கு வருமுன்பே எனக்குத் தெரியும்
என்று அவனிடம் சொன்னதும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு கட்டையின் அடித்தட்டைக் கழற்றினேன்.
உள்ளே மடித்த அட்டை. பூஞ்சை வாடை. பென்சில்.
யோஸ்ட் ஏகர்ட்டர், அடெல்போடன்,
பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு.
பின்பக்கம் வேறொருவர் கையெழுத்து:
உப்பு. லாட ஆணி.
ரூத்தைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போ, மறக்காதே.

அவன் குழல் ஏற்கெனவே ஆராவுக்குப் போய்விட்டது.
தாழ், விதவைக் கணக்கில், கப்பல் ஏறியது.
அடெல்போடனில் ஒரே கொக்கியில் தொங்கியது
மூன்று முகவரிக்குப் பிரிந்து கிடந்தது.

‘பெயர் அட்டையா? நாற்பது கூடப் போடு,’ என்றாள் அம்மாள்.

வாங்கியவன் பீல் நகரத்துப் பையன்,
புதுக் கண்ணாடி, மரியாதையான பேச்சு.
பெயரை இரண்டு தடவை வாசித்தான்.
அட்டையைத் திருப்பினான்.
‘இது அசல் இல்லையே, யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்,
குறைக்க முடியுமா?’

பத்து பிராங்க் குறைத்தேன்.
மிச்சத்தைக் கொடுக்கும்போது
அவனுடைய பற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.