மூக்கன்பேரியில் நாலு முட்டை

மணிக்கு ஆயிரத்து நூறு, டீசல் அவர்களது.
ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போடணும்,
அவ்வளவுதான் பேச்சு.
மூக்கன்பேரி அன்றைக்குக் குளமாகவே இல்லை.
புல்வெளி என்று நம்பி இறங்கிய கிடேரியைக்
கயிறு கட்டி இழுத்தார்கள், என் கண் முன்னால்.

பதினோராம் நாள், தெற்கு மடைப் பக்கம்
பக்கெட்டை இறக்கப் போனேன்.
'நிறுத்துங்க!'
கரையில் ரூபவதி டீச்சர். கழுத்தில் பைனாகுலர்,
காலில் ஒரே செருப்பு, மற்றது சகதிக்குள்.

நீளவால் இலைக்கோழி.
போன வருசம் நாலு, அதற்கு முந்தி ஒன்பது,
அதற்கும் முந்தி யாரும் எண்ணவே இல்லையாம்,
அத்தனை இருந்ததால்.

குச்சி குச்சியாய் விரல், பிடரியில் மஞ்சள் பட்டு.
அழுகல் இலை நாலைந்தின் மேல்
துலக்காத வெண்கல நிறத்தில் நாலு முட்டை.
அடைகாப்பது அப்பன், என்றார் டீச்சர்.
பெட்டை இட்டுவிட்டு அடுத்தவனிடம் போயாச்சு.

எதை ஒழிக்கக் கூலி வாங்கினேனோ
அதன் மேலேயே குடியிருக்கிறான்.
ஆம்பல் இருந்தால் ஆம்பலில் இட்டிருப்பான்.
ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ.

'ஒரு கோழிக்கு ஒரு சென்ட் குளமால?' என்று
பாசிக் குத்தகைக்காரர் பிச்சைக்கண்ணு கத்தினார்.
கத்திவிட்டு, மூங்கில் நாலு அவரே கொடுத்தார்.
தேங்காய்நார்க் கயிற்றால்
பாயளவு களையை இறுக்கிக் கட்டிப்போட்டோம்.
சுற்றிலும் அள்ளினேன்.
வண்டி உறுமும்போது எழுந்து ஓடுவான்,
ஓய்ந்ததும் வந்து உட்காருவான்.
என் டீக்குடி நேரம் அவனுக்கு மனப்பாடம்.

கிழக்கே தெளிந்த தண்ணீரில்
கல்லூரிப் பிள்ளைகள் ஆம்பல் கிழங்கு ஊன்றினார்கள்.
பாதி மிதந்து வந்துவிட்டது. மீதி பிடித்தது.

பிறகு அணையைத் திறந்தார்கள்.
ஒரே ராத்திரியில் ஒரு முழம் ஏறிற்று.
விடியலில் பார்த்தால்
நாங்கள் கட்டிய கயிறே அவனை முக்குகிறது.

முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கி
பின்பக்கமாகவே நடந்து கொண்டிருந்தான்,
அறுந்து ஒதுங்கிய ஒரு களைத் திட்டுக்கு.
ஒன்று போயிற்று. இரண்டு.
அரிவாளைக் கடித்துக்கொண்டு நீந்தினேன்.
கயிறு அறுந்ததும் பாய் மேலெழுந்து
காற்று சொன்ன பக்கம் போயிற்று.
அவன் அதன் பின்னால் ஓடினான்,
தண்ணீரில் அல்ல, தண்ணீர் மேலே.

குஞ்சு மூன்று என்று டீச்சர் போன் செய்தபோது
வேறொரு குளத்தில் இருந்தேன்.
கையைத் தூக்கிவைத்துவிட்டு,
ஆளில்லாத அந்தப் பச்சையைப் பார்த்தபடி
வெகுநேரம் பக்கெட்டை இறக்கவில்லை.
மேஸ்திரி வந்து கேட்டார், வண்டி பழுதா என்று.