ஒற்றைக் கை ஆட்டம்

செவ்வாயும் வெள்ளியும்
காலை ஆறரைக்கு என் இடது கை
மெஷினுக்குச் சொந்தம்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, இரத்தம் கழுவும் வார்டு,
பத்தரை மட்டும் அசைக்கக் கூடாது.
வலது கையில் போன்.

ஐஸ் லொறி ஓட்டிய ஆள் நான்.
களுவாஞ்சிகுடியிலிருந்து தம்புள்ளை வரை
சும்மா இருந்து பழகாத கைகள்.
முதல் மாதம் சீலிங் பலகையின் ஓட்டைகளை எண்ணினேன்.
ஒரு பலகைக்கு நூற்றி நாற்பத்து நாலு.
மறுகாதான் விளையாட்டுத் தேடத் தொடங்கினேன்.

முந்நூற்றி நாலு என்று அடித்தேன்.
நாலு பேர் குந்தி ஆடும் ஆட்டம்,
மற்ற மூன்று பேராகவும் போனே இருக்கட்டும் என்று.
வந்தது வேறு.
பத்தாயிரம் வென்றுவிட்டேனாம்,
சீட்டு இன்னும் குலுக்கவே இல்லை.
ஒன்று அடையாள அட்டை இலக்கம் கேட்டது.
துரும்பு சொல்வதற்கு
என் பிறந்த திகதி எதற்கடா?
இன்னொன்றில் ஒருத்தி விடாமல் கண்ணடித்தாள்,
மிஸ் கோகுலவாணி பிரஷர் பார்க்க வரும் நேரம் பார்த்து.
மூடும் குறியோ கடுகு,
என் பெருவிரலோ லொறிக்காரன் விரல்.
மூடப் போய்த் திறந்தேன்.
திறந்ததை மூட, இன்னும் இரண்டு திறந்தது.
பிரஷர் நூற்றி எழுபது.
"என்னத்தப் பாத்தீங்க ஐயா?" என்றா மிஸ்.
சீலிங்கை என்றேன்.

மீன் வெடிக்கும் விளையாட்டொன்று, அது நல்லாத்தான் இருந்தது.
மூன்று நாள் வெடித்தேன்.
ரீலோட் போடப் போட மெலிந்துகொண்டே போனது.
நாளுக்கு நாள் ஏதோ கழிகிறதாம்,
எங்கேயோ 'ஆம்' என்று தொட்டுவிட்டேனாம்.
தொட்டிருப்பேன்.
அந்த விரலைத்தான் சொன்னேனே.

பக்கத்துக் கதிரை ஏறாவூர் றிஸ்மியா.
கூட்டுறவுக் கடையில் கணக்குப் பார்த்தவ.
ஒவ்வொரு தளமாகத் திறந்து
மடியில் வழுக்கும் கொப்பியில் புள்ளி போடுறா.
பெயர் கேட்டால் பத்துக் கழிவு.
காசு அட்டை கேட்டால் பூச்சியம்.
சொல்லாமல் சத்தம் வந்தால், வார்டே திரும்பிப் பார்க்கும்,
அதுக்கும் பூச்சியம்.
"டேட்டாவ மூடிப்போட்டு ஆடிப் பாருங்க,
அப்பவும் ஆடினா அது நல்ல புள்ள."

எழுபத்தெட்டு எடுத்த ஒன்றை எனக்குத் தந்தா.
பச்சைத் துணி விரித்த மாதிரி ஒரு பக்கம்,
ஏழு வரிசைச் சீட்டு, முடிந்தது.
கறுப்பு ராசாவின் மேல் சிவப்பு ராணி.
தோற்றால் 'இன்னொரு முறை?' என்கிறது.
பதில் சொல்லாமல் நித்திரையானேன் ஒருநாள்,
எழும்பும்போது அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த மெஷினும் என்னிடம் எடுக்கிறதுதான்.
எவ்வளவு என்று முகத்திலேயே எழுதிக் காட்டும்:
இரண்டு லீற்றர், நானூறு.
மிச்சத்தைக் கழுவித் திருப்பித் தரும்.
குழாயில் ஒரு குமிழ் புகுந்தால் கத்தி ஊரைக் கூட்டும்.
கையைக் கட்டிப் போட்ட ஒரு ஆளிடம்
சீட்டுக் கட்டொன்று என்னவெல்லாம் கேட்டது, யோசியுங்கள்.

இன்று பத்தரைக்கு
இன்னும் நாலு சீட்டுத்தான் மிச்சம்.
மிஸ் ஊசியைக் கழற்றிவிட்டு
பஞ்சைப் பத்து நிமிடம் அழுத்தச் சொன்னா.
இடது கைக்கு வலது கை காவல்.
போன் தொடையில் கிடந்து மினுங்குகிறது.

பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு விரல் எட்டி வந்தது.
"இது என்ட ஆட்டம்" என்றேன்.
"கையில்லாத ஆளுக்கு என்ன ஆட்டம்" என்று
ஆட்டின் ஆறைத் தூக்கினா.

தூக்க வேண்டியது டைமன் ஆறு.

சொல்லவில்லை.
பஞ்சை அழுத்திக்கொண்டு
பார்த்துக்கொண்டிருந்தேன்.