சத்தமில்லாமல் பொரிப்பது எப்படி

மாடியில் கார்லா தூங்குகிறாள்.
பகல் பதினொரு மணி, அவளுக்கு நடுச்சாமம்.
நேற்றிரவு மருத்துவமனையில் மூன்று பிரசவம்,
அதில் ஒன்று இரட்டை.
ஜன்னலில் கறுப்புக் கம்பளி அடித்திருக்கிறோம்.
நாய்க்கே தெரியும், குரைப்பதானால்
வேலிக்கு அப்பால் போய்க் குரைக்க வேண்டும்.

இந்த வீட்டில்தான்
மக்காச்சோளம் பொரித்தாக வேண்டும் இன்று.

நெப்ராஸ்காவில் ஏப்ரல் என்பது பேச்சுக்குத்தான்.
முற்றத்தில் அரையடிப் பனி.
நாளை ஈஸ்டர், முட்டை ஒளிக்கப் புல்லே இல்லை என்று
டோபயஸ் காலையிலேயே ஒரு பாட்டம் அழுது முடித்தான்.
வாயை மூட நான் கொடுத்த வாக்கு:
கூடு செய்வோம்.
தின்னக்கூடிய கூடு.

ஹல்வர்சன் பண்ணையிலிருந்து வந்த சோளம்,
காப்பி டப்பாவில் கலகலத்தது.
எண்ணெயில் மூன்று முத்து போட்டுக் காத்திருந்தோம்.
முதல் வெடி.
ரோஸ்லின் உதட்டில் விரல் வைத்து
உஷ் என்றாள்,
சட்டியைப் பார்த்து.

மூடியைச் சுற்றி ஈரத் துண்டு,
அதன்மேல் என் பனிக்காலக் கையுறை இரண்டும்.
ஒன்றும் பலிக்கவில்லை.
தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி விழுவதுபோல்
படபடவென்று,
அடங்கியதுபோல் நடித்து மறுபடியும்.
நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அதுங்களுக்குச் சுடுது, அப்பா,
கத்தத்தான் செய்யும்" என்றான் டோபயஸ்.

பிறகு வெண்ணெய். அதில் மார்ஷ்மெல்லோ
ஒவ்வொன்றாகக் காலை இழந்து, இடுப்பை இழந்து
பாகாயிற்று.
கிளறியது ரோஸ்லின்.
சாம்பல் புதனிலிருந்து அவள் இனிப்பைத் தொடவில்லை.
நாங்கள் சொல்லவில்லை, பாதிரியாரும் சொல்லவில்லை.
ஒன்பது வயது, தானாக எடுத்த விரதம்.
பாகு மணிக்கட்டில் வழிந்தது.
அதைச் சற்றுநேரம் பார்த்தாள்,
குழாயைத் திறந்து கழுவினாள்.
அந்த நேரத்தில் குளிர்பெட்டிக் கதவுக்குப் பின்னால்
நான் இரண்டாம் முறையாகக் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தேன்.

வெண்ணெய் தடவிய கைகளால் பிடித்தோம்,
ஆறுவதற்குள், சுடச்சுட, ஊதி ஊதி.
என் கூட்டுக்கு எந்தப் பறவையும் குடிவராது.
டோபயஸின் கூட்டில் ஐந்து சாக்லேட் முட்டை,
திரும்பினால் மூன்று, மறுபடி திரும்பினால் ஒன்று.
இடுவதும் அவனே, களவாடுவதும் அவனே.

சட்டியின் அடியில் பொரியாத முத்துகள் பதினான்கு.
"இதெல்லாம் நைட் டூட்டி" என்றான்.
காகிதக் கைக்குட்டையில் பொதிந்து
விளக்கு படாத அலமாரியில் வைத்தான்.

நான்கு மணிக்குக் கார்லா இறங்கி வந்தாள்,
கன்னத்தில் தலையணை மடிப்போடு.
"சத்தத்துல எழுப்பிட்டோமா?"
"சத்தம் கேக்கவே இல்ல.
வாசனைக்குத்தான் துண்டு போட மறந்துட்டீங்க."

ஆறரைக்கு அவள் கார் மறுபடி கிளம்பியது.
துவைக்கும் இயந்திரத்தின்மேல் நான்கு கூடுகள்,
பெயர் எழுதிய காகிதத்தோடு.

விடியற்காலை வாசல் கதவு திறந்திருந்தது,
குளிர் சமையலறைவரை வந்திருந்தது.
படியில் ரோஸ்லின்,
இரவுடைமேல் என் கோட்டு,
மடியில் இரண்டு கூடுகள். ஒன்றில் அம்மா பெயர்.
எத்தனை நேரமாக என்று நான் கேட்கவில்லை.

பனியை அரைத்துக்கொண்டு கார் வந்து நின்றது.
"அம்மா, விடிஞ்சிடுச்சா?"
கார்லா கிழக்கே பார்த்தாள்.
நரைத்த வானம், ஒன்றும் தீர்மானமாகச் சொல்லவில்லை.
முகப்பு விளக்கை அணைத்தாள்.
"இப்ப விடிஞ்சிடுச்சு."

நாற்பது நாள் காத்திருந்த வாய்
ஒரே கடியில் பாதிக் கூட்டை எடுத்தது.
கடக்.
எப்படியோ உள்ளே புகுந்துவிட்ட பொரியாத முத்து.
இருவரும் சிரித்த சிரிப்பில்
மாடியில் டோபயஸ் விழித்து முட்டை எங்கே என்றான்,
நாய் குரைத்தது,
வேலிக்கு இந்தப் பக்கமே.