துணைக்கால்

கொடி ஒரே நாளில் மாறிவிட்டது.
கடிதத் தாளின் தலையில்
சிங்கத்துக்கு எதிரே நின்ற கொம்புக் குதிரை போய்
புலி வந்து நின்றது.
எம்பிரஸ் பிளேஸ் மாடியில்
எனக்குக் கிடைத்த வேலை சுலபம்:
‘கவர்னர்’ என வருமிடமெல்லாம்
‘அமைச்சர்’ என்று தட்ட வேண்டும்.
எழுபத்தோர் இடங்கள்.
சாப்பாட்டு மணிக்கு முன்பே முடித்தேன்.

மற்றபடி சட்டம் அசையவில்லை.
துரை எழுந்துபோன நாற்காலியில்
துரையின் பள்ளம் இருந்ததுபோல
நான்காம் பிரிவு இருந்தது:
தொழுநோய் கண்டவரை அடைக்க வேண்டும்.
பதினொன்றாம் பிரிவு இருந்தது:
அவர் கைபட்ட காசு வேலி தாண்டக் கூடாது.

பிறகு நாடும் தனியாயிற்று.
ஆற்றில் தொங்கான்கள் வழக்கம்போல் அரிசி இறக்கின.
ஒரு மழை மாதத்தில் குழு கூடியது.
டாக்டர் ஊன் மேசைமேல் ஒரு மாத்திரையை வைத்தார்.
“இது வந்து இருபது வருஷம்.
இன்னும் கேள்விப்படாத ஒரே ஆள்
இந்தச் சட்டம்தான்.”
நிதியமைச்சிலிருந்து வந்தவர் கேட்டார்:
“வெளியே விட்டால்
கிளினிக்கில் ஐம்பது காசு கட்டுவார்களா?”
யாரும் சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் அதுவும் ஏறியது.

ஒன்பது கூட்டங்கள், ஒரே ஒரு சொல்லுக்கு.
அவர்கள் மொழியில் அது தனிச் சொல்,
பிடுங்கி வேறு நடலாம்.
என் மொழியில் அது வினையின் வால்.
‘வேண்டும்’ என்பதை வெட்டி
‘லாம்’ என்று ஒட்டச் சொன்னார்கள்:
தேவையெனில் அடைக்கலாம்.

என் தட்டச்சுப் பொறியில்
துணைக்கால் சாவி சிக்கும்.
மெய்ப்புப் பார்த்த தாவூத் மரைக்காயர்
சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுவந்தார்.
“மங்கையர்க்கரசி, ஒரு கால் காணோமே.”
பார்த்தேன்.

தேவையெனில் அடைக்கலம்

என்றிருந்தது.
இருவரும் சற்று நேரம் பேசவில்லை.
மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
“அச்சுக்குப் போகணும்” என்றார், ஜன்னலிடம்.
ஸ்டென்சிலில் திருத்தத் திரவம் தடவி
ஊதிக் காயவைத்து
காலை அதன் இடத்தில் வைத்தேன்.
சம்பளம் அதற்குத்தான்.

யியோ சூ காங் சாலைக் கோடிக்கு
தமிழில் வாசித்துச் சொல்ல என்னையே அனுப்பினார்கள்.
பெஞ்சுகளில் பதினெட்டுப் பேர்.
முன்வரிசையில் சிவக்கொழுந்து.
நகராட்சி லயத்தில் விளக்குமாறும் கையுமாக நின்றவளை
வண்டி வந்து ஏற்றியபோது எனக்கு ஒன்பது வயது.
அவள் நின்ற இடத்தில்
பிறகு மூன்று நாள் சுண்ணாம்பு கிடந்தது.
இப்போது இடது பாதம் இல்லை;
கட்டைக்கு அடியில் டயர் துண்டு.

நான் முடிக்கும்வரை கேட்டாள்.
“லாம்னு போட்டிருக்கே,
லாம்னு யாரு சொல்றது?”
பக்கத்தைப் புரட்டினேன்.
‘அமைச்சர்’ என்றிருந்தது,
நான் தட்டிய எழுபத்தொன்றில் ஒன்று.

“சரி, வெளிய போனா எங்க?”
லயத்தை இடித்து அடுக்குமாடி எழும்புவதைச்
சட்டம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஆனாலும் போனாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கிளினிக் வரிசையில்
எனக்கு ஆறு பேர் முன்னால்.
என் தோளில் மகன் இருமிக்கொண்டிருந்தான்.
சிமென்ட் தரையில் கட்டைக்கால்
ஒவ்வோர் எண்ணாக முன்னேறியது.
முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து
ஐம்பது காசை நீட்டினாள்.

குமாஸ்தா இஸ்காந்தர் ஏறிட்டும் பார்க்காமல்
வெறுங்கையால் வாங்கி
இழுப்பறையில்
மற்றக் காசுகளோடு போட்டான்.

அது விழுந்த ஓசையைக் கேட்ட பின்தான்
அவள் ரசீது கேட்டாள்.