நாய்மூக்கு

இட்முரூன் என்போம். நாய்மூக்கு.
உறைபனி விழுந்த மறுநாள் காலை
அர்ஸ்லான்பாப் சரிவில் தொட்டுப் பாருங்கள்:
குளிர்ந்து, ஈரமாக,
இப்போதுதான் எதையோ மோப்பம் பிடித்த மாதிரி.

புருல்கானின் மூட்டையில்
பாதி காட்டுரோஜாப் பழம், பாதி முள்.
கையுறை ஒன்றுதான், இடது கைக்கு.
வலது கை கணக்குப் பார்க்காது என்றாள்.

கழுவாதே என்று சொல்லியிருந்தேன்.
தோலில் குடியிருப்பவர்களும் எனக்கு வேண்டும்.
மூன்றாம் நாள் தட்டைத் திறந்தால்
வெளிர்சிவப்பில் ஒரு கூட்டம்,
கரிக்கோடு இழுத்தபடி இன்னொன்று,
புளித்த மாவின் வாசனை.
ஒரே பழத்தின் மேல் ஒரு சந்தை நாள்.

நீலச் சாயத்தைச் சாற்றில் சொட்டினேன்.
விழ விழ மறைந்தது நீலம்.
மறையாமல் இளஞ்சிவப்பு நின்ற இடத்தில்
குழாயை மூடி எண்ணைக் குறித்தேன்.
"எதற்கு?"
வைட்டமின் அளக்கிறேன்.
"அளந்தால் கிலோவுக்கு எத்தனை சோம் கூடும்?"
எனக்குத் தெரியவில்லை.

பிறகு, போன வருஷம் முளைத்த நாற்றின் வேர்நுனி.
நசுக்கி, சாயமேற்றி, கண்ணாடிக்குக் கீழே.
எண்ணினேன். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினேன்.
முப்பத்தைந்து குரோமோசோம்கள்.
மகரந்தம் கொண்டுவந்தது ஏழு.
மற்ற இருபத்தெட்டும் சூலின் சீதனம்.
அதிலும் இருபத்தொன்றுக்கு ஜோடியே கிடையாது,
யாரோடும் கைகோக்காமல்
தாயிடமிருந்து தாய்க்குத்
தனியாகவே நடந்து வந்தவை.

ஏழு என்றதும் நிமிர்ந்தாள்.
எங்களிடம் அது வெறும் எண் இல்லை.
வாய் திருந்தியதும் பிள்ளை
ஏழு தகப்பன் பெயர் சொல்ல வேண்டும்.
அவள் மகன் பெக்தூர் மூச்சு விடாமல் சொல்வான்.
நானும் சொல்வேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்:
தீலெக், ஷாபதான், மொல்தோ, கெரிம்பாய்...

"அந்த இருபத்தெட்டு பேர்?"

பேர் இல்லை, குரோமோசோம் என்று
திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் விரல் மடக்கத் தொடங்கிவிட்டாள்.
அம்மா, அனார்குல்.
அவளைப் பெற்றவள், பூபீஷ்.
மூன்றாம் விரல் பாதியில் நின்றது.
என்னைப் பார்த்தாள்.
என் விரலும் அங்கேயேதான் நின்றது.

மாதிரிச் சீட்டில் எழுதினேன்:
உயரம், சரிவின் திசை, தேதி.
அவள் காலி மூட்டையை உதறி மடித்துக்கொண்டு
பணத்தை எண்ணாமல் போனாள்.

பழத்தைப் பிளந்து விதை எடுத்த கை.
உள்ளே அடைந்திருந்த மெல்லிய முடி
மணிக்கட்டு வரை ஏறிவிட்டது.
சோப்பு போட்டேன், வினிகரும் தேய்த்தேன்.
இரவு விளக்கை அணைத்த பிறகும்
போகவில்லை அந்தச் சுணை.