இருநூற்றுப் பன்னிரண்டு

சோறு விஷம் என்றார் லிஃப்டில் வந்தவர்.
அன்றிலிருந்து இரவுக்கு ஆறு சப்பாத்தி,
தைரியமாக.

பெரம்பூர் மருந்துக்கடையில் வாங்கிய கருவி
விரல்நுனிச் சொட்டைக் குடித்துவிட்டுச் சொன்னது:
இருநூற்றுப் பன்னிரண்டு.
காலையில் குடித்த பாகற்சாறு
எங்கே போயிற்று?

மறுநாள் மத்தியானம் எஸ்தர்
ஒரே ஒரு கப் சோறு அளந்து வைத்தாள்.
அரைத்தட்டுக்கு அவரைக்காய்ப் பொரியல்,
ஒரு துண்டு வஞ்சிரம்.
திருடனைப் போலத் தின்றேன்.
இரண்டு மணி நேரம்
மின்விசிறியைப் பார்த்தபடி
சாகக் காத்திருந்தேன்.

அதே விரல், வேறு சொட்டு:
நூற்று நாற்பத்தாறு.

ஆறு மாதம்
தப்பான தட்டுக்குப் பயந்திருக்கிறேன்.
மாத்திரையை விடவில்லை,
அந்த லிஃப்டை விட்டேன்.

கீழே தள்ளுவண்டியில் பங்கனபள்ளி.
"ஒரு கீற்று?" என்கிறாள்.
கீற்றென்றால் எவ்வளவு அகலம் என்று
இன்னும் சண்டை ஓயவில்லை.