பத்தில் மூன்று

கடவுச்சீட்டில் நெரிஸ் ப்ரோபர்ட்.
புத்தக அட்டையில் ஜாக் ஹார்லன்.
தொப்பி, துப்பாக்கி, புழுதி என்று பதினோரு நாவல்;
நானே எழுதி, நானே பிழை திருத்தி, நானே கடையேற்றியவை.
குதிரையேறத் தெரியாது எனக்கு.
பைசாந்து நகரில்
மாட்டு வைத்தியர் எல்பியோவின் வீட்டு மாடியில்
ஆற்றைப் பார்த்த மேசை.

வரி எண் வேண்டுமென்று பிலடெல்பியாவுக்குப் பேசினேன்.
நாற்பத்தேழு நிமிடம் ஒரே வயலின்.
பிறகு தும்மிக்கொண்டே ஒரு பெண்குரல்:
தொழில்?
ஆட்களைச் சுடுகிறேன் என்றேன். கதையில்.
சிரிக்கவில்லை. தட்டச்சுச் சத்தம் மட்டும்.
ஒன்பது இலக்கம் தந்தாள்,
மாட்டின் காதில் குத்தும் எண்ணைப் போல.
தபாலில் வந்த கடிதத்தில் நான் நெரிஸா ராபர்ட்.
இப்போது மூன்று பேர் ஆகிவிட்டோம்.

அடுத்து, ஒப்பந்த நாடுகளின் பட்டியல்.
அதில் இருந்தால் பிடித்தம் குறையும்; இல்லாமலும் போகும்.
உக்ரைன் இருந்தது.
உஸ்பெகிஸ்தான் இருந்தது.
நடுவில் உருகுவே இருக்க வேண்டிய இடத்தில்
திரையை விரலால் துடைத்துப் பார்த்தேன்,
தூசியாக இருக்குமோ என்று.
பிரிட்டன் இருந்தது, முழு விலக்கோடு.
பட்டியலில் இருக்கிற நாட்டில் நான் இல்லை.
நான் இருக்கிற நாடு பட்டியலில் இல்லை.

ஆறில் ஒன்று கேட்ட அரசர்கள் உண்டாம்.
இது பத்தில் மூன்று.
சரி, முந்நூறு பக்கத்தில் தொண்ணூறு உங்களுடையது.
எந்தத் தொண்ணூறு என்று நான் சொல்கிறேன்.
ஏழாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்,
பாலைவனத்தில் மூன்று நாள் மழை பெய்கிறது அதில்,
ஏன் என்று எனக்கே தெரியாது.
ஷெரிப்பின் மனைவி எழுதும் கடிதங்கள் எல்லாமும்.
இரண்டு இடத்தில் பெயர் மாறிப்போன அந்தக் குதிரையையும்
ஓட்டிக்கொண்டு போங்கள்.
கிணற்றடியில் அவன் தண்ணீர் கேட்கும் பக்கத்தை மட்டும் விடுங்கள்.
அதை எழுதிய வாரம் நான் யாரோடும் பேசவில்லை.

பிடித்தம் போக நூறு டாலர் சேர்ந்தால்தான் காசோலை புறப்படும்.
தொண்ணூற்றேழில் நாலு மாதம் நின்றது.
பிறகு யாரோ ஒரு புண்ணியவான்,
பல்வலியில் தூங்காத இரவாக இருக்க வேண்டும்,
அடுத்தடுத்து மூன்று வாங்கினார்.
நூற்றுநான்கு டாலர் பதினாறு சென்ட்.
உறை பிரித்தபோது கை கொஞ்சம் நடுங்கியது, பொய் சொல்வானேன்.

வங்கியில் வாஷிங்டன் ஒலிவேரா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
(இந்த ஊரில் அப்படியும் பெயர் வைப்பார்கள்; அவர் அண்ணன் நெல்சன்.)
காசோலையில் இருப்பது யார்?
படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதித் தொலைத்தேனோ,
ஜாக் ஹார்லன்.
நான்தான் என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார்.
கைப்பையிலிருந்து நாவலை எடுத்துப் பின்னட்டையைக் காட்டினேன்.
ஆசிரியர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கள்ளிச்செடி.

வசூல் கட்டணம் ஐம்பது, கூரியர் பன்னிரண்டு,
ஆறு வாரம், அதற்கும் உத்தரவாதம் இல்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
வெட்கப்பட்டது அவர்தான்.
முத்திரையை மெதுவாக, சத்தம் வராமல் குத்தினார்.

மாலையில் எல்பியோ வந்தார்,
கன்று இழுத்த கை முழங்கைவரை இன்னும் ஈரம்.
கூலியாக ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டி.
பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிட்டார்களாம்.
பெயரைக்கூடக் கேட்கவில்லை.
கத்தியை எடுத்துக் கண்ணளவில் பத்தில் மூன்று வெட்டித்
தனியாக ஒரு தட்டில் வைத்தேன்.
யாருக்கு என்றார்.
வாஷிங்டனுக்கு என்றேன்.
நாளை வங்கிப் பக்கம்தான் போகிறேன், கொடுத்துவிடலாம் என்று
செய்தித்தாளைக் கிழித்து
அதைச் சுற்றத் தொடங்கினார்.